டிஸ்க் நிரம்பிய பிறகு ஸ்டோர்ஜ் நோடு எப்படி?

ஸ்டோர்ஜ் என்பது வாடிக்கையாளர் டேட்டாவைத் துண்டுகளாக்கி, பலருடைய டிஸ்க்குகளில் வைக்கும் கிளவுட் சேவை. நம் டிஸ்க்கில் அதற்கு இடம் கொடுத்துக் காசு வாங்க நாம் ஓட்டும் மென்பொருள்தான் நோடு. அப்படி நோடு போட்டு, டிஸ்க் நிரம்பியதும் "இனி வேலை இல்லை" என்று அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். நிரம்பிய நோடுதான் முழு வருமானம் தரும் நோடு. புது டேட்டா வருவது மட்டும் நிற்கும். உள்ளே வரும் டேட்டாவுக்கு எப்போதுமே காசு கிடையாது. வைத்திருப்பதற்கு டிபிக்கு (டெராபைட்டுக்கு) மாதம் 1.50 டாலர், வெளியே போவதற்கு டிபிக்கு 2 டாலர் என்பதுதான் கணக்கு. 8 டிபி டிஸ்க்கில் 7.2 டிபி ஒதுக்கி, அது நிரம்பிவிட்டால் வைத்திருப்பதற்கு மட்டும் மாதம் 10.80 டாலர் வரும். முதல் 9 மாதம் படிப்படியாகக் குறையும் பிடித்தம் உண்டு: 75, 50, 25 சதவீதம். 15 மாதம் முடிந்தால் பிடித்ததில் பாதி திரும்பும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சும்மா கிடக்கும் டிஸ்க்கும், எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரும், பொது ஐபியும் (வெளியிலிருந்து நேரடியாக வந்து சேரக்கூடிய இணைய முகவரி) இருந்தால் சென்னையில் இது நல்ல சேவை. இதற்காகவே புது டிஸ்க் வாங்கினால் போட்ட பணம் திரும்ப நெடுநாள் ஆகும். மென்பொருளைப் பொறுத்தவரை, டேட்டாவைக் காப்பதில் கெட்டி. எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்வதில் அவ்வளவு நம்ப முடியாது. நிரம்பிய நோடில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

பெட்டியில் 8 டிபி என்று போட்டிருக்கும். லினக்ஸில் டிஎஃப் கட்டளையை மைனஸ் சின்ன எச் போட்டுப் பார்த்தால் 7.3 என்று காட்டும். டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கட்டளை 1024ஆல் வகுக்கிறது. ஸ்டோர்ஜ் எண்ணுவது ஆயிரம் கணக்கில். எனவே பெரிய எச் போட்டுப் பாருங்கள், அந்த எண்ணில் 90 சதவீதத்தை மட்டும் ஒதுக்குங்கள். மீதி 10 சதவீதத்தைப் பலர் வீண் என்று நினைத்து அதையும் நோடுக்கே கொடுத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் அழித்த துண்டுகள் ஏழு நாள் டிராஷ் ஃபோல்டரில் கிடக்கின்றன, டேட்டாபேஸ்கள் வளர்கின்றன, டேஷ்போர்டு கணக்கு நிஜத்தைவிடப் பின்தங்குகிறது. இவை எல்லாவற்றுக்கும் அந்த 10 சதவீதம்தான் இடம் கொடுக்கிறது.

கணக்கு ஏன் பின்தங்குகிறது? வாடிக்கையாளர் டேட்டா கிடக்கும் பிளாப்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள் (ஹேஷ்ஸ்டோர் என்ற புது முறைக்கு மாறிய நோடில் அமைப்பு வேறு). ஒவ்வொரு சேட்டிலைட்டுக்கும் (நோடுகளைக் கண்காணித்துக் கணக்கு வைக்கும் சர்வர்) ஒரு ஃபோல்டர், அதனுள் இரண்டெழுத்துப் பெயரில் 1024 ஃபோல்டர்கள், அவற்றுக்குள் எஸ்ஜே1 என்று முடியும் லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். நோடு தொடங்கும்போது ஃபைல்வாக்கர் இவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு அளவெடுக்கிறது. நிரம்பிய டிஸ்க்கில் இதற்கு மணிக்கணக்கும் ஆகும், நாள்கணக்கும் ஆகும். நடுவில் கரண்ட் போனால் அளவெடுப்பு முடியாமல் பழைய எண்ணே நிற்கும். லாகில் "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" என்று வந்தாலும் இதே கதைதான்: எடுத்த அளவை எழுத முடியவில்லை என்று அர்த்தம். டேட்டாபேஸ்களை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றினால் இது பெரும்பாலும் தீரும். கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் டிர் என்ற வரியில் புது இடத்தைக் கொடுத்து, நோடை நிறுத்திவிட்டு எல்லா டேட்டாபேஸ் ஃபைல்களையும் அங்கே நகர்த்துங்கள். டாக்கரில் (மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால் அந்த ஃபோல்டரைத் தனியாக மவுன்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் கன்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கும்போது அவை போய்விடும்.

ஒரு பைட்கூட மிச்சமில்லாமல் நிரம்பிவிட்டால்தான் ஆபத்து. நோடு குறித்த இடைவெளியில் ஒரு சின்ன ஃபைலை எழுதிப் பார்க்கும், முடியாவிட்டால் தானே நின்றுவிடும். டாக்கர் அதை மறுபடி எழுப்பும், அது மறுபடி நிற்கும். இதற்கிடையில் டேட்டாபேஸ் பாதி எழுதியபடி உடைந்து, "மால்ஃபார்ம்டு" என்று லாகில் வரும். பதற்றத்தில் பிளாப்ஸில் கை வைக்காதீர்கள். அங்கே அழித்த துண்டை ஆடிட்டில், அதாவது துண்டு இருக்கிறதா என்று சேட்டிலைட் பார்க்கும் சோதனையில், கேட்டால் தோல்வியாக வரும், ஆடிட் மதிப்பெண் 96 சதவீதத்துக்குக் கீழே போனால் நோடு நிரந்தரமாகத் தள்ளுபடி. உடனடியாக இடம் கிடைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4, நிர்வாகிக்கு என்று டிஸ்க்கில் 5 சதவீதத்தை ஒதுக்கி வைத்திருக்கும். 8 டிபியில் அது 400 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் மைனஸ் எம் 0 கொடுத்தால் டேட்டாவைத் தொடாமலே அந்த இடம் விடுபடும். லாக் ஃபைலை அதே டிஸ்க்கில் எழுதவிட்டிருந்தால் அதையும் காலி செய்யுங்கள். பிறகு ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டு நோடைத் தொடங்குங்கள். ஒதுக்கீட்டை இருக்கும் டேட்டாவைவிடக் கீழே வைத்தால் டேஷ்போர்டு அளவு மீறியதாகக் காட்டும், ஆனால் எதையும் அழிக்காது. வாடிக்கையாளர்கள் அழிக்க அழிக்க மெல்லக் குறையும்.

உடைந்த டேட்டாபேஸை எஸ்க்யூலைட் கருவியால் டம்ப் எடுத்துப் புது ஃபைலில் ஏற்றலாம். அதுவும் முடியாவிட்டால் வெறுமையாகப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். பழைய வரைபடங்கள் போகும், வாடிக்கையாளர் டேட்டா போகாது. பணக் கணக்கு சேட்டிலைட் பக்கம்தான் இருக்கிறது.

பழைய நோடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023இல் மூடப்பட்ட யூஎஸ்2, யூரோப் நார்த் 1 சேட்டிலைட்களின் டேட்டா சிலரிடம் இன்னும் கிடக்கிறது. அதற்குக் காசு வருவதில்லை. ஃபர்கெட் சேட்டிலைட் கட்டளையால் நீக்கினால் அந்த இடம் சம்பாதிக்கும் டேட்டாவுக்குப் போகும்.

நிரம்பிய பிறகு பெரிய டிஸ்க்குக்கு மாறுவதா, இரண்டாவது நோடு போடுவதா? பெரும்பாலும் இரண்டாவதுதான் சரி. ஆனால் முதல் டிஸ்க் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். புது நோடு ஒவ்வொரு சேட்டிலைட்டிலும் 100 ஆடிட் தேறும்வரை அதற்கு மிகக் குறைந்த டேட்டாதான் வரும். முக்கால்வாசி நிரம்பியதுமே தொடங்கிவிடுங்கள். ஒரே இணைப்பில் உள்ள நோடுகள் வரவைப் பங்குபோட்டுக்கொள்ளும். முதல் நோடு நிரம்பியதும் முழுப் பங்கும் இரண்டாவதற்கு வரும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நோடு, ஒவ்வொன்றுக்கும் தனி ஐடென்டிட்டி (நோடின் அடையாளச் சாவி ஃபைல்கள்), தனி போர்ட். முதல் நோடு 28967 என்றால் அடுத்தது 28968. ஒரே ஐடென்டிட்டியை இரண்டு இடத்தில் ஓட்டினால் இரண்டும் கெட்டுவிடும்.

பெரிய டிஸ்க்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை, நோடு ஓடும்போதே இரண்டு மூன்று முறை. கடைசியாக நோடை நிறுத்திவிட்டு டெலிட் விருப்பத்தோடு ஒருமுறை. சின்ன ஃபைல்கள் என்பதால் நாள்கணக்கில் இழுக்கும். அவசரமென்றால் நோடை நிறுத்திவிட்டு டிஸ்க்கையே அப்படியே குளோன் செய்யலாம். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 8 டிபிக்கு ஏறக்குறைய 15 மணி நேரம். 30 நாள் ஆன்லைன் மதிப்பெண்ணில் 2 சதவீதம்தான் போகும், 60க்குக் கீழே போனால்தான் சஸ்பென்ஷன்.

அந்த வகையில் ஸ்டோர்ஜ் தாராளம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மூன்று நாள் போனாலும் 90 சதவீதம் நிற்கும். அடிக்கடி வந்து வந்து போகும் கரண்ட்தான் இதைவிடக் கெடுதல். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதில் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஃபைல்வாக்கர் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். டிஸ்க்கும் சின்ன போர்டும் சேர்ந்து 15 வாட் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 22 யூனிட் கூடும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருக்கும் வீடு என்றால் ஸ்லாப் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் பொது ஐபி இருக்காது. ஸ்டேடிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அதை மாத வருமானத்திலிருந்து கழித்துப் பாருங்கள். ஸ்டோர்ஜ் காசைத் தரும் கிரிப்டோ டோக்கனை விற்கும்போது லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, கரண்ட் பில்லைச் செலவாகக் காட்ட முடியாது.

ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் வாங்குவதென்றால் மாடல் எண்ணைப் பார்த்து சிஎம்ஆரா என்று உறுதிசெய்யுங்கள் (தடங்களைத் தனித்தனியாக எழுதும் வகை சிஎம்ஆர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் மெதுவான வகை எஸ்எம்ஆர்). சீகேட் பாராகுடா 8 டிபி எஸ்எம்ஆர். நிரம்பும்வரை சமாளிக்கும், நிரம்பிய பிறகு டிராஷும் ஃபைல்வாக்கரும் ஒன்றாக ஓடும்போது திணறும். ஐயன்வுல்ஃபும் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் பிளஸும் சிஎம்ஆர். கடையிலேயே ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் பட்டியல்) கேளுங்கள்: பழுதான இடங்களைச் சொல்லும் 5, 197 இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு கத்திரி வெயிலில் வெப்பத்தைச் சொல்லும் 194ஆம் வரியைக் கவனியுங்கள். 50 டிகிரியைத் தொட்டால் டிஸ்க்கை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து ஒரு 120 எம்எம் ஃபேன் வையுங்கள்.