முன்னால் ஒரு பல்லா, பின்னால் மூன்று பல்லா?

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை பைக்கில் வந்து பாருங்கள். பாதி தூரம் இரண்டாவது கியரில் ஆஃப் கிளட்ச்சிலேயே ஊர வேண்டியிருக்கும். இந்த ஓட்டத்துக்குக் கம்பெனி கொடுக்கும் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல் சக்கரம்) கொஞ்சம் நீளமான கியரிங், அதாவது வேகத்துக்கு ஏற்றது, இழுவை குறைவு. அதனால் செயின் செட் (செயினும் முன், பின் ஸ்ப்ராக்கெட்டும்) மாற்றும் நேரம் வந்ததும் இழுவையைக் கூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் 150 சிசி வண்டியில் முன்னால் 15 பல், பின்னால் 42. 42-ஐ 15-ஆல் வகுத்தால் 2.80. இதை 3.00 ஆக்க இரண்டு வழி: 14/42 அல்லது 15/45. இரண்டிலும் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். டாப் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் போன வேகத்துக்கு இனி 5350 வேண்டும், அதனால் நெடுஞ்சாலையில் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். பிக்கப்பை மட்டும் பார்த்தால் எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

மெக்கானிக்குகள் சொல்வது பெரும்பாலும் முன் பல்தான். "ஒரு பல் கொறைச்சிடலாம்ண்ணா, பத்து நிமிஷ வேலை" என்பார்கள். உண்மைதான். விலை குறைவு, பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், பழைய செயினே போதும், ஆக்சிலை (பின் சக்கர அச்சை) மூன்று மில்லிமீட்டர் போலப் பின்னால் தள்ளினால் லூஸ் சரியாகிவிடும். பிடிக்கவில்லையென்றால் திரும்பவும் 15 போட்டுக்கொள்ளலாம். ஒத்துவருமா என்று பார்க்க மட்டும் என்றால் இதுவே நல்ல வழி.

நான் 15/45 போட்டேன். காரணம் செயின்.

முன் ஸ்ப்ராக்கெட் சின்னதாக ஆக, செயின் அதிகமாக மடங்கித்தான் அதைச் சுற்ற முடியும். 15 பல்லில் ஒவ்வொரு லிங்க்கும் 24 டிகிரி மடங்குகிறது. 14 பல்லில் கிட்டத்தட்ட 26. லிங்க்குகளைக் கோக்கும் பின்னுக்கும் (ஆணி) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் (குழல்) நடுவே தேய்மானம் நடப்பது இந்த மடக்கலில்தான். அதோடு, என்ஜின் அதே அளவு முறுக்கினாலும் சின்ன ஸ்ப்ராக்கெட் செயினை 7 சதவீதம் கூடுதலாக இழுக்கும். இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. செயினில் உள் லிங்க், வெளி லிங்க் என்று மாறி மாறி வருவதால் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. செயின் தேயத் தேய உள் லிங்க் அப்படியே இருக்கும், வெளி லிங்க்தான் நீளும். 14-ம் இரட்டைப்படை என்பதால் ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகை லிங்க்தான் மாட்டும், தேய்மானம் ஒரு பல் விட்டு ஒரு பல்லில் ஏறும். 15 போட்டால் எல்லாப் பல்லும் எல்லா லிங்க்கையும் மாறி மாறிச் சந்திக்கும். 45-ம் ஒற்றைப்படை, அங்கேயும் அதே லாபம்.

வேறு ஊரில் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். நம் பக்கம் முடியாது. கடல் காற்று, காசிமேட்டு மீன் வண்டிகளிலிருந்து ரோட்டில் ஒழுகும் உப்புத் தண்ணீர், மணலி பக்கம் போனால் புழுதி: ஓ-ரிங் (கிரீஸை உள்ளே பூட்டிவைக்கும் ரப்பர் வளையம்) இல்லாத 428 சைஸ் செயின் இரண்டு நாள் ஆயில் பார்க்காவிட்டால் ஓரத்தில் செம்மண் நிறம் பூத்துவிடும். மச்சான் இதே மாடலில் 14 போட்டிருக்கிறான். அவன் வண்டியின் முன் கவரைக் கழற்றிப் பார்த்தபோது பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் இருந்தன. செயினின் மேல் ஓட்டமும் தாழ்ந்து, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தது. அவன் சுத்தம் செய்வதில் என்னைவிடச் சோம்பேறி என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியும் அந்த ஒரு பல்மேல் போட மாட்டேன்.

45-க்கும் குறை இல்லாமல் இல்லை. அதே வேகத்தில் செயின் 7 சதவீதம் வேகமாக ஓடும். செலவும் கூட. ஆனால் செயின் செட்டே மாற்றும்போது போட்டால் அந்தக் கூடுதல் செலவு பெரிதாகத் தெரியாது. என் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். கும்மிடிப்பூண்டி வரை போன அளவில் என்ஜின் இரைச்சல் கூடியது தெரிந்தது, அவ்வளவுதான். வாரா வாரம் திருச்சி, மதுரை போகிறவருக்கு நான் 15/42-ஐத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்பீடோமீட்டர் சென்சார் முன் சக்கரத்தில் இருந்தால் கவலை இல்லை. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டி என்றால் இரண்டு வழியிலும் வேகம் கூடுதலாகக் காட்டும்.

45 வாங்கும்போது செயினையும் இரண்டு லிங்க் கூடுதலாகக் கேளுங்கள். 116 இருந்தால் 118. பழைய நீளத்தையே போட்டால் ஆக்சில் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் வர வேண்டும், பல வண்டிகளில் அதற்கு இடம் இருக்காது. மாட்டிய பிறகு பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினை விரலால் இழுத்துப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். புதிதில் அசையாது. பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு அது எழும்பி வந்தால் அடுத்த செட்டுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.