ரத்தம் எடுக்கத் தெரிந்த லேப்

எனக்குச் சர்க்கரை வந்து 21 வருஷம் ஆகிறது. கும்பகோணத்தில் வீட்டு வாசல் அறையிலேயே தையல் கடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பது கரண்ட் பில் கட்டுவது மாதிரி பழகிப்போய்விட்டது. இந்த லேப்புக்கு ஒன்றரை வருஷமாகப் போகிறேன்.

இதற்கு முன்னால் இன்னொரு இடத்தில், நிறைய டெஸ்ட் சேர்த்துச் சலுகை விலை என்றதால் பேக்கேஜ் போட்டேன். வீட்டுக்கே வந்தார்கள். வந்த பையனுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்தி, சிரிஞ்சை இழு இழு என்று இழுத்து, ஊசியைக் கழற்றாமலே குழாய்க்குள் பீய்ச்சினார். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 6.1. நார்மல் 3.5 முதல் 5 வரைதான். நான் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறேன், அதுவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை. அதனால் டாக்டராலும் சும்மா இருக்க முடியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மகன் பைக்கில் உட்கார்ந்து இசிஜி எடுக்கப் போனேன். இதயம் நின்றுவிடுமோ என்று வழியெல்லாம் பயம். இசிஜி நன்றாக இருந்தது. மறுநாள் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.4.

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கும், முரட்டுத்தனமாக இழுத்தால் செல் உடைந்து அது வெளியே கொட்டிவிடும், கல்லீரல் டெஸ்டில் பார்க்கிற எஸ்ஜிஓடி-யும் அதோடு சேர்ந்து ஏறும் என்று டாக்டர் விளக்கினார். அந்த ரிப்போர்ட்டில் சாம்பிள் உடைந்தது என்று ஒரு வரி இல்லை. இன்று வரை எனக்கு அதுதான் ஆற மாட்டேன் என்கிறது.

இந்த லேப்பில் ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முதல் நாள் நான் வழக்கம்போல் கையை மடக்கி மடக்கி விரித்தேன். “அப்படிச் செய்யாதீங்கம்மா, பொட்டாசியம் கூடிக் காட்டும்” என்று கையைப் பிடித்து நிறுத்தினார். ரத்தம் குழாயில் இறங்க ஆரம்பித்ததும் கையில் கட்டியிருந்த பட்டையைத் தளர்த்திவிட்டார். நூல்கண்டு நிறம் பார்த்தே பழகிய கண், அதனால் மூடிகளைக் கவனித்தேன்: முதலில் மஞ்சள், அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். ஒவ்வொரு தடவையும் இதே வரிசைதான். ஏன் என்று கேட்டேன். ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்திலேயே பொட்டாசியம் உண்டாம். அது துளி மஞ்சளில் கலந்தாலும் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிவிடுமாம். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. ரத்தம் காத்திருக்கும் நேரத்தில் செல்களே சர்க்கரையைத் தின்றுவிடாமல் அதில் உள்ள ஃபுளூரைடு தடுக்கும்.

போன வருஷம் ஒருநாள் காலை பத்தரைக்கு போன். “அம்மா, இன்னைக்கு எடுத்ததில் செல் உடைஞ்சிருக்கு. சர்க்கரை சரி, பொட்டாசியத்தை நம்ப முடியாது. இன்னொரு தடவை வாங்க, பணம் வேண்டாம்.” பட்டன் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். தப்பைத் தாங்களாகவே சொன்ன லேப்பை அன்றுதான் பார்த்தேன்.

மெக்னீசியம் பார்த்ததும் இங்கேதான். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், மிஷின் மிதிக்கிற கால் என்பதால் வேலைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்தார், 1.4 வந்தது. 1.7-க்கு மேல் இருக்க வேண்டும். சர்க்கரை சிறுநீரில் போகும்போது மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. போதாததற்கு நான் ஆறு வருஷமாகக் காலையில் வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், வருஷக்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் குறைக்கும். டாக்டர் அதை நிறுத்தி மெக்னீசியம் கொடுத்தார். மூன்று மாதத்தில் 1.8. பிடிப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் தூங்குகிறேன். ரத்தத்தில் இருப்பது உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையாம், அதனால் நார்மல் வந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். கல்லீரல் டெஸ்டான எஸ்ஜிபிடி கூடி 68 வந்து, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று தெரிந்ததும் இந்த லேப் ரிப்போர்ட்டை வைத்துத்தான்.

குறைகளும் உண்டு. துத்தநாகம் இங்கே பார்ப்பதில்லை, வெளியூருக்கு அனுப்புகிறார்கள், நாலு நாள் ஆகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கிறவர்களுக்கு நாற்காலி போதாது. ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், எழுத்தும் பொடி. என்னைப் போன்றவர்கள் யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது, இதைத் தமிழிலும் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஐந்துக்கு நாலரை. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது. சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள், அந்தப் பெண் கட்டாயம் கேட்பார்.