லிட்டர் ஆஃப் லைட்: படம் கலைந்த பிறகும் எரிய வேண்டிய விளக்குகள்

பிலிப்பைன்ஸில் தொடங்கிய லிட்டர் ஆஃப் லைட் அமைப்பு பொதுவெளிகளில் சூரிய விளக்கு ஓவியங்கள் அமைக்கிறது. தன்னார்வலர்கள் கையால் பூட்டிய விளக்குகளைத் தரையில் அடுக்கி உருவம் வரைகிறார்கள். இருட்டியதும் அது ஒளிர்கிறது. பிறகு அதே விளக்குகள் மின்சாரம் எட்டாத குடியிருப்புகளுக்குப் போகின்றன. படம் நிற்பது சில மணி நேரம், விளக்கு உழைக்க வேண்டியதோ ஆண்டுக்கணக்கில். அதனால் இங்கே எடைபோடுவது விளக்கைத்தான்.

பிலிப்பைன்ஸின் சமூகத் தொழில்முனைவர் இல்லாக் டயஸ் 2011-இல் மணிலா பகுதியில் இந்த அமைப்பைத் தொடங்கினார். தொடக்ககாலக் கூரைகள் லகூனா மாகாணத்தின் சான் பெத்ரோவில் இருந்தன. மணிலாவின் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை அரசு கொண்டுபோய்க் குடியேற்றிய ஊர்களில் அதுவும் ஒன்று. ஒட்டி ஒட்டிக் கட்டிய, ஜன்னல் குறைந்த தகரக் கூரை வீடுகளில் நடுப்பகலிலும் இருட்டு. அந்த இருட்டுக்கு விடை பிரேசிலிலிருந்து வந்தது: ஆல்ஃபிரடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் கண்ட தண்ணீர் பாட்டில் விளக்கு. கூரையில் துளையிட்டுச் செருகிய பாட்டில் வெயிலை வீட்டுக்குள் இறக்கும்.

இந்தப் பகல் விளக்கைக் குறை சொல்வது கடினம். சுமார் 9-க்கு 10 அங்குலத் தகரத் துண்டில் பாட்டில் அளவுக்கு ஒரு வட்டமும், அதற்குள் 1 செ.மீ. சிறிதாக இன்னொன்றும் வரைய வேண்டும். உள்வட்டத்தை வெட்டி எடுத்து, மீந்த விளிம்பைப் பற்களாக நறுக்கி மேலே மடக்கினால் அதுவே பாட்டிலைக் கவ்விப் பிடிக்கும். பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூரைக்கு வெளியே, மீதி வீட்டுக்குள். வடிகட்டிய தண்ணீரில் 10 மி.லி. பிளீச் கலந்தால் பாசி பிடிக்காது. நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம், அதுவும் தண்ணீரில் சிதறி அறை முழுக்கப் பரவும்.

கெடுவது பெரும்பாலும் ஒட்டுமிடத்தில்தான். தகரம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். விறைத்துப் போகும் மலிவான பசை அதில் வெடித்து, முதல் மழையிலேயே ஒழுகும். ரப்பர் போல வளையும் சீலன்ட் என்ற இடைவெளி அடைக்கும் பசைதான் வேண்டும். அதைத் தடவும் முன் தகரத்தையும் பாட்டிலையும் உப்புத்தாளால் தேய்ப்பது அவசியம். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். பாட்டில் மூடி வெயிலில் பொரிந்து உடையும், அதற்கு மேல் ஒரு உறை போட்டுவிட வேண்டும்.

ஆனால் பாட்டில் மின்சாரம் தயாரிப்பதில்லை. சூரியன் சாய்ந்தால் அதுவும் அணையும். இரவுக்கு எல்.இ.டி., சிறு சர்க்யூட், பேட்டரி, சோலார் பேனல் சேர வேண்டும். ஓவியங்களில் எரிவது இந்த வகை. வாங்குகிறவர் இங்கே கணக்கைக் கேட்க வேண்டும். அரை வாட் எல்.இ.டி. 12 மணி நேரம் எரிய 6 வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய மின்சார அளவு) தேவை. மழைக்காலத்தில் நல்ல வெயில் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வைத்தால், 3 வாட் பேனல் 9 தரும். மூன்றில் ஒரு பங்கு இழப்பு போக மிஞ்சுவது சரியாக 6. காசு மிச்சம் பிடிக்க 2 வாட் பேனல் போட்டால் மாலை 6 மணிக்கு எரியத் தொடங்கிய விளக்கு இரவு 2 மணிக்கு அணைந்துவிடும். பேட்டரி 3.2 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 9.6 வாட்-மணி கொள்ளும், தினமும் அடிவரை காலியாகாது.

தன்னார்வலர் கையால் பூட்டுவது இந்தத் திட்டத்தின் அழகு, ஆபத்தும் அதில்தான். முதன்முறை சால்டரிங் அயர்ன் பிடிப்பவர் கம்பிகளை இணைக்க வைக்கும் ஈயப் பற்று மங்கலாக, உருண்டையாக நிற்கும். அன்று மாலை ஓவியத்தில் எரியும், வண்டி குலுங்கலில் விட்டுப்போகும். பளபளப்பாகக் கூம்பு வடிவில் பரவிய பற்றே நம்பகமானது. படம் கலைந்ததும் விளக்குகளை நேரே பெட்டியில் அடுக்காமல், மூன்று நாள் பகலில் சார்ஜ் ஏற்றி, இரவில் எரியவிட்டுச் சோதித்து அனுப்புவதே முறை. இடம்பெயர்க்கப்பட்ட மக்களிடம் அரைகுறைப் பொருள் வந்து சேர்வது புதிதல்ல. இதுவும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது.

அச்சில் வார்த்து மூடிய சோலார் லாந்தர்களைவிட இதைத் தயங்காமல் மேலாகச் சொல்லலாம். காரணம், திருகாணியைக் கழற்றினால் உள்ளே எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்துக் கடைச் சாமானால் மாற்றவும் முடிகிறது. அந்த மேன்மை நிலைக்க, விளக்கு போகும் குடியிருப்பிலேயே குறைந்தது இரண்டு பேருக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஓவியத்துக்குப் பணம் கொடுக்கும் நிறுவனங்கள் அந்தப் பயிற்சியையும், 10 விளக்குக்கு ஒரு மாற்று பேட்டரியையும், மின்னோட்டத்தைச் சோதிக்கும் ஒரு மல்டிமீட்டரையும் அதே பட்டியலில் சேர்த்து எழுதிக் கேட்கலாம்.