சீ ரேன்ச்சில் ஒரு கடலோரச் சிறுவீடு: தங்கிப் பார்த்து எழுதும் மதிப்புரை

கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்து வடகோடியில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நெடுஞ்சாலை 1 வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தில், சீ ரேன்ச் என்னும் கடலோரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே விடுமுறை வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் மிகச் சிறிய ஒன்றில் குடும்பத்துடன் தங்கினோம். கடற்கரையில் நிலத்தை உறுத்தாத சிறுவீடு ஒன்று கட்ட வேண்டும் என்று எண்ணுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அப்படிப்பட்டவர்கள் வரைபடத்தில் முதல் கோடு போடும் முன் இங்கே வந்து தங்குவது நல்லது.

1960களின் தொடக்கத்தில் ஓஷியானிக் பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளக் கடற்கரையைக் கொண்ட ஒரு பழைய ஆட்டுப் பண்ணையை வாங்கியது. நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின், வீடுகளின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அந்த இடத்தின் காற்றையும் வெயிலையும் மண்ணையும் செடிகொடிகளையும் ஆராயத் தொடங்கினார். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காற்றுதான் இங்கே மனிதருக்குப் பெரிய தொல்லை. நம் கடற்கரை ஊர்களில் சவுக்கு நடுவதைப்போல, பண்ணைக்காரர்கள் அந்தக் காற்றைத் தடுக்க மான்டெரி சைப்ரஸ் மரங்களை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். கடல்முனையில் காட்சிக்காக வீடுகளை நிறுத்தாமல், இந்த மர வரிசைகளை ஒட்டி ஒதுக்கி, நடுவிலுள்ள புல்வெளியை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து விட்டதுதான் சீ ரேன்ச்சின் முதன்மையான முடிவு என்று கருதுகிறேன்.

அந்த முடிவைச் சிறுவீட்டின் அளவில் மிகத் தெளிவாகக் காட்டியவர் கட்டடக் கலைஞர் ஜோசப் எஷெரிக். காற்று சீவிச் சாய்த்த சைப்ரஸ் உச்சிகளின் சரிவையே தம் வீடுகளின் கூரைக்கும் கொடுத்தார். சில கூரைகளின்மேல் புல்லையே வளர்த்தார். நாங்கள் தங்கியது அவர் கட்டியதன்று, அவர் வழியைப் பின்பற்றிய பிற்கால வீடு. கடலை நோக்கித் தாழ்ந்து பின்னால் உயரும் ஒற்றைச் சாய்வுக் கூரை, சுவரைத் தாண்டி நீளாத ஓரம், வண்ணம் பூசாமல் வெயிலிலும் உப்பிலும் சாம்பல் நிறமேறிய ரெட்வுட் பலகைகள் ஆகியவைதாம் அதன் வெளித்தோற்றம். இறவாரம் இல்லாததால் காற்றுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அது கூரையின்மேல் வழுக்கிக் கடந்துவிட, மறுபுறத்தில் காற்றடங்கிய ஒரு முற்றம் உருவாகிறது. மேற்கே புல்வெளி முழுதும் தரையோடு படிந்து கிடக்கும் நேரத்தில், தெற்குப் பக்க மரத்தளத்தில் அமர்ந்து காப்பி குடிக்க முடிந்தது. எந்தப் படமும் இதை எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

உள்ளே இடம் குறைவு. ஆனால் குறையாகத் தெரியவில்லை. சமையலும் உணவு மேசையும் விறகடுப்பும் ஒரே அறையில் இருக்க, படுக்கை அரைமாடியில் இருக்கிறது. கடலைப் பார்க்க ஒரே ஒரு பெரிய சன்னலும், அதையொட்டி இருவர் கால் நீட்டி அமரும் திண்ணையும் உண்டு. சுவர் முழுதும் கண்ணாடி பதித்திருந்தால் இந்தக் கவனம் கடல்மேல் நிலைத்திருக்காது என்றே தோன்றுகிறது. அண்மையில் மாற்றப்பட்ட சில பலகைகளில் மட்டும் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை வழிந்திருந்தது. ரெட்வுட்டில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணிக்குச் செலவிடத் தயங்கக் கூடாது.

வேலி இல்லை, வெட்டிச் சீராக்கிய புல்தரை இல்லை, தெருவிளக்கும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் வரைபடத்தையும் குடியிருப்போர் சங்கத்தின் வடிவமைப்புக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆயினும் பிற்காலத்தில் எழுந்த பெரிய வீடுகள் சில, சாம்பல் பலகையும் சாய்கூரையும் அணிந்துகொண்டே புல்வெளியின் நடுவில் நின்று எல்லோருடைய பார்வையையும் மறைக்கின்றன. விதியின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைக் கைவிட்டவை அவை. மூர், லிண்டன், டர்ன்புல், விட்டேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் நால்வரும் வடிவமைத்து 1965இல் கட்டி முடிந்த ‘காண்டோமினியம் 1’ என்ற கூட்டுக் குடியிருப்பில் பத்து வீடுகள் ஒரே தொகுப்பாகப் பாறைமுனையில் இருக்கின்றன; அளவில் பெரிதானாலும் அது நிலத்தின் தொடர்ச்சியாகவே தெரிகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. இத்தனை அக்கறையோடு திட்டமிட்ட இந்தக் குடியிருப்பு, தொடக்கத்தில் பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்லும் வழியை அடைத்தது. அதனால் எழுந்த எதிர்ப்பு, 1972இல் கலிபோர்னிய வாக்காளர்கள் கடற்கரைப் பாதுகாப்புக்காக நிறைவேற்றிய 20ஆம் முன்மொழிவுக்கு ஒரு காரணமாக அமைந்தது. இப்போது பொதுப் பாதைகள் சில திறந்திருக்கின்றன. மீனவரோ நடைபோடுபவரோ கடந்து செல்ல முடியாத இடத்தில் நிற்கும் வீட்டை, அது எவ்வளவு அடக்கமானதாக இருந்தாலும், நிலத்தோடு இயைந்தது என்று என்னால் ஏற்க முடியாது.

தமிழகக் கடற்கரையில் கட்ட நினைப்பவர்கள் இந்த வடிவத்தை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். நம் வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இறவாரம் இன்றியமையாதது. காற்று, நிழல், மண், பொது வழி என்ற வரிசையில் கேள்வி எழுப்பும் முறையைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

வாடகைச் சேவையைப் பொறுத்தவரை, நாங்கள் பதிவு செய்த முகமை துப்புரவுக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டியது. சமையலறைக் கத்திகள் மழுங்கியிருந்தன. கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. மளிகைக்கு வடக்கே குவாலாலா ஊருக்குச் செல்லலாம். பதிவு செய்யும்போது படுக்கையறைகளின் எண்ணிக்கையைவிட, வீடு சைப்ரஸ் வரிசையை ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். காற்று ஓங்கி வீசும் மாதங்களிலேயே செல்லுங்கள். அமைதியான நாள்களில் இந்த வீடுகள் செய்யும் வேலை கண்ணுக்குப் படாது.