உள்ளிருந்தா, ஊரிலிருந்தா? கனடாவில் ஸ்டேட்டஸ் சிக்கலோடு கலியாணம் செய்பவர்களுக்கான வழிகள்

கனடாவில் விசா முடிந்த ஒருவர், அல்லது அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஒருவர், இங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவரைக் கலியாணம் செய்கிறார். உடனே உறவினர் மத்தியில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இங்கேயே இருந்து ஃபைலைப் போடுங்கோ, வெளியிலே போனால் திரும்பி வர ஏலாது" என்று ஒரு கட்சி. "ஊருக்குப் போய் அங்கேயிருந்து ஸ்பொன்சரில் வாங்கோ, அதுதான் நேரான வழி" என்று மற்றக் கட்சி. இரண்டு பக்கத்திலும் ஆதாரத்துக்கு யாரோ ஒரு மச்சானின் கதை இருக்கும்.

மச்சானுக்குச் சரிவந்தது நமக்கும் சரிவருமா? எது கெதியாக முடியும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: மறுப்புக் கடிதம் வரும் நாளில் நீங்கள் எந்த நாட்டில் இருப்பீர்கள், அங்கேயிருந்து யாரிடம் முறையிடலாம்? இரண்டு வழிக்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வீண் பயத்தைத் தீர்த்துவிடலாம். கலியாணம் செய்ய ஸ்டேட்டஸ், அதாவது கனடாவில் தங்கும் சட்ட அனுமதி, தேவையில்லை. ஒன்ராறியோவில் திருமண உரிமம் எடுக்கும்போது அடையாள ஆவணம் கேட்பார்கள், விசா கேட்க மாட்டார்கள். உரிமம் 90 நாள் செல்லும். வெளிநாட்டில் விவாகரத்து ஆனவர் மட்டும் மாகாணப் பதிவாளரின் ஒப்புதலை முதலில் எடுக்க வேண்டும். அதே நேரம், கழுத்தில் தாலி ஏறியதால் மட்டும் எந்த உரிமையும் வந்துவிடாது. நாடு கடத்தும் கட்டளை இருந்தால் அது அப்படியே இருக்கும்.

உள்ளே இருந்து

இதற்கென்று ‘கனடாவில் உள்ள துணைவர்’ என்று ஒரு தனி வகுப்பு இருக்கிறது. இதன் பலம் 2005 பெப்ரவரியில் வந்த ஒரு பொதுக்கொள்கை. விசாக் காலம் தாண்டித் தங்கியதையும், அனுமதி இல்லாமல் வேலை செய்ததையும், விசா இல்லாமல் உள்ளே வந்ததையும் அது பொறுத்துக்கொள்கிறது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரும் இதில் விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் மன்னிப்பு இல்லை. ஒருமுறை நாடு கடத்தப்பட்டு அனுமதி எடுக்காமல் திரும்பி வந்தவருக்கும், குற்றப் பதிவு உள்ளவருக்கும் இந்தக் கதவு திறக்காது. போலிக் கடவுச்சீட்டில் வந்து, அதை ஒப்படைக்காமல் வைத்திருந்து பயன்படுத்தியவருக்கும் அப்படித்தான்.

நிபந்தனை என்று பார்த்தால் முக்கியமானது ஒன்று: இருவரும் கனடாவில் ஒன்றாக வாழ வேண்டும். மாப்பிள்ளை ஸ்காபரோவில், பெண் மொன்றியலில் என்றால் வகுப்பே பொருந்தாது. ஃபைல் ஓடும்போது ஸ்டேட்டஸ் இல்லாதவர் வெளிநாடு போவதும் முடியாத காரியம். தாய் தகப்பன் சாவீட்டுக்குக்கூடப் போக முடியாமல் இங்கே இருந்து அழுதவர்கள் பலர். யாரும் முன்கூட்டிச் சொல்லாத விலை இது.

வேலை அனுமதியில் இன்னொரு இழுபறி. ஸ்டேட்டஸ் உள்ள துணைவர், விண்ணப்பம் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டது என்ற கடிதத்தோடு திறந்த வேலை அனுமதி (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கேட்கலாம். ஸ்டேட்டஸ் இல்லாதவர் பொதுவாக முதற்கட்ட ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டி வரும். அதுவரை ஒருவர் சம்பளத்தில் வீடு ஓட வேண்டும்.

நாடு கடத்தல் விஷயத்தில் நாள் கணக்கு மிக முக்கியம். நாடு கடத்தலை நடத்தும் எல்லைச் சேவைகள் முகவரகம் இந்த வகுப்பு விண்ணப்பதாரருக்கு 60 நாள் ஒத்திவைப்புக் கொடுக்கும். ஆனால் வெளியேற்றத்துக்கான நேர்காணலுக்கு அழைப்பு வரும் முன்பே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் கையில் வந்தபிறகு அவசரம் அவசரமாகக் கலியாணம் முடித்து ஃபைல் போட்டால் அந்த 60 நாள் கிடைக்காது. போதாததற்கு, கலியாணத்தின் தேதியே சந்தேகத்தைக் கிளப்பும்.

சரி, மறுத்தால்? மேன்முறையீடு இல்லை. சமஷ்டி நீதிமன்றத்துக்கு 15 நாளுக்குள் போகலாம். அதற்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அங்கே நீதிபதி உங்கள் கலியாணம் உண்மையா என்று பார்ப்பதில்லை, அதிகாரி எடுத்த முடிவு நியாயமான வழியில் எடுக்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார். புதிய படம், புதிய கடிதம் எதையும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. திரும்பவும் ஒரு விண்ணப்பம் போடலாம், அதைத் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்தமுறை எல்லைச் சேவைகளின் கண் உங்கள் மேல் இருக்கும்.

ஊருக்குப் போய்

ஊருக்குப் போய் அங்கேயிருந்து ஸ்பொன்சரில் வரும் வழியைக் குடும்ப வகுப்பு என்று சொல்வார்கள். மறுத்தால், ஸ்பொன்சர் செய்தவர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இது லேசான சலுகை இல்லை. அங்கே விசாரணை புதிதாக நடக்கும். மறுப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளை, மறுப்புக்குப் பிறகு ஊருக்குப் போய்த் துணையோடு நின்ற மாதங்கள், தொடர்ந்து அனுப்பிய காசு எல்லாம் சாட்சியாக எடுபடும். மனைவியோ கணவரோ நேரில் வாய்திறந்து பேசலாம். உண்மையான கலியாணம், ஆனால் காகிதத்தில் பலவீனம் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் அந்த மேன்முறையீடு நடக்கும் காலம் முழுக்க நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம். அதோடு, வெளியேறும் முறை சரியாக இருக்க வேண்டும். இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். வெளியேறும்படி மட்டும் சொல்லும் கட்டளை கிடைத்தவர், அது நடைமுறைக்கு வந்து 30 நாளுக்குள் போக வேண்டும். விமானம் ஏறும் முன் விமான நிலையத்தில் எல்லைச் சேவைகள் அதிகாரியைக் கண்டு, புறப்பட்டதற்கான சான்றிதழை வாங்க வேண்டும். வாங்காமல் பேசாமல் ஏறிப் போனால், அல்லது 30 நாள் தாண்டினால், அதே கட்டளை நாடுகடத்தல் கட்டளையாக மாறிவிடும். பிறகு எத்தனை வருடம் போனாலும், திரும்பி வருவதற்கென்று தனி அனுமதி எடுத்தே ஆக வேண்டும். விசாக் காலம் தாண்டித் தங்கியவருக்கு வழக்கமாக வருவது விலக்கல் கட்டளை, அதில் திரும்பி வரத் தடை 1 வருடம். பொய்த்தகவல் கொடுத்ததாக முடிவானால் தடை 5 வருடம்.

ஊரில் உயிருக்குப் பயம் உள்ளவருக்கு இந்த வழி ஒரு தெரிவே இல்லை. "போய்ட்டு வா" என்று சொல்கிறவர்கள் யாரும் இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உங்கள் வரிசையில் நிற்கப் போவதில்லை.

மனிதாபிமானக் காரணங்களைக் காட்டி வதிவிடம் கேட்கும் விண்ணப்பம் என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்வார்கள். துணைவர் வகுப்பில் போக முடிந்தவருக்கு அது தேவையில்லை. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவருக்குப் பொதுவாக 12 மாதத் தடை வேறு. அந்தத் தடை துணைவர் வகுப்புக்கு இல்லை.

அப்போ யாருக்கு எது?

ஸ்டேட்டஸ் போய் 90 நாள் ஆகவில்லை என்றால், இந்த இரண்டையும் யோசிக்கும் முன் ஸ்டேட்டஸை மீட்க விண்ணப்பியுங்கள். அந்த 90 நாள் தாண்டினால் அது திரும்பக் கிடைக்காது. ஒன்றாக வாழ்ந்ததற்கு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, இரு வீட்டாரும் நிற்கும் படங்கள் என்று காட்ட இருந்தால், வெளியேற்ற அழைப்பும் வரவில்லை என்றால், உள்ளே இருந்தே போடுங்கள். மேன்முறையீடு இல்லை என்ற குறையை அந்த ஆதாரங்கள் ஈடுசெய்யும். போனில் பேசி முற்றாகி, சந்தித்துக் குறைந்த நாளில் நடந்த கலியாணம், ஊரில் ஆபத்தும் இல்லை, கட்டளையின் கெடுவும் இன்னும் தாண்டவில்லை என்றால், வெளியே போவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் உள்ளே பக்கம்தான் சாய்வேன். பிரிந்திருக்கும் காலமே பல உறவுகளை உடைக்கிறது, உடைந்த உறவுக்கு மேன்முறையீடு இருந்து என்ன பயன்?

எந்த வழியானாலும் அதிகாரி பார்க்கும் சட்டம் ஒன்றுதான். உறவு உண்மையற்றது என்றாலும் மறுக்கலாம், உண்மையாக இருந்தும் முதன்மையான நோக்கம் குடிவரவு என்றாலும் மறுக்கலாம். 2010 இல் மாற்றிய பிறகு இரண்டில் ஒன்றே போதும். அதனால் ஸ்டூடியோ அல்பம் மட்டும் போதாது. ஒரே சேலை, ஒரே வேட்டி, ஒரே நாள் படம் 200 இருப்பதைவிட, வேறு வேறு மாதங்களில் எடுத்த 10 சாதாரணப் படம் அதிகம் பேசும். கலியாணத்துக்குப் பெற்றோர் வரவில்லை என்றால் ஏன் என்று நீங்களே முந்தி எழுதிவிடுங்கள். தமிழ்க் கலியாணம் எப்படி நடக்கும் என்று அதிகாரிகளுக்கும் தெரியும். சனமில்லாத கலியாணத்தைக் கண்டால் கேள்வி வரும்.

ஸ்பொன்சர் செய்பவர் பக்கத்திலும் ஒன்றிரண்டு இருக்கிறது. துணைவருக்கு வழக்கமாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை, ஆனால் அங்கவீனம் அல்லாத காரணத்துக்காக அரச உதவிப்பணம் எடுப்பவர் செய்ய முடியாது. தானே துணைவராக ஸ்பொன்சரில் வந்தவர் 5 வருடம் பொறுக்க வேண்டும். கையெழுத்திட்ட பொறுப்பு 3 வருடம் நிற்கும், இடையில் விவாகரத்து ஆனாலும்.

துணை வெளிநாட்டில், நீங்கள் இங்கே பாதிவழியில்

இது தலைகீழ் நிலைமை, நம்மவர்களிடம் அதிகம் காண்பது. அகதிக் கோரிக்கை இன்னும் முடியாதவர் கலியாணத்துக்கென்று வெளியே போகக் கூடாது. போனால் வழக்கும் போகும், திரும்பும் வழியும் போகும். ஏற்கப்பட்டவர் அகதிப் பயண ஆவணத்தில் வேறு நாட்டுக்குப் போகலாம். சொந்த நாட்டுக்குப் போகாதீர்கள், அதுவும் பழைய நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு. 2012 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகு, அப்படிப் போனதால் அகதிப் பாதுகாப்பு நிறுத்தப்பட்டால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகலாம். குடியுரிமை எடுத்த பிறகுதான் அந்தப் பயம் விடும்.

அதனால்தான் பலர் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறார்கள். அங்கே கோயிலில் தாலி கட்டினால் போதாது, பதிவு வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதென்றால் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவித்தல் கொடுத்தபின் இன்னும் 30 நாள். விடுமுறையைக் கணக்குப் பார்த்துப் போடுங்கள். வீடியோவில் கலியாணம் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: 2015 ஜூனிலிருந்து, ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த கலியாணத்தைக் கனடா குடிவரவு ஏற்பதில்லை.

அகதியாக ஏற்கப்பட்டவருக்குத் துணையை அழைக்கும் வழியிலும் இரண்டு தெரிவு. தன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே துணையைச் சேர்ப்பது ஒன்று. வதிவிடம் கிடைத்த பிறகு கலியாணம் செய்து ஸ்பொன்சர் செய்வது மற்றது. முதலாவதில் தனி ஸ்பொன்சர் ஃபைல் தேவையில்லை. இரண்டாவதுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் கணக்குச் சுத்தமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) முடிந்திருக்கும், கோயில் கலியாணம் நடந்திருக்காது, நம் கணக்கில் இன்னும் கலியாணம் ஆகவில்லை. வதிவிடத்தை உறுதிசெய்யும் நேரத்தில் குடும்ப நிலையில் மாற்றம் உண்டா என்று கேட்பார்கள். நம்மவர்கள் "இல்லை" என்று அழுத்திவிடுவார்கள். சட்டத்தில் எழுத்து நாள்தான் கலியாண நாள். அன்று சொல்லாமல் விட்ட துணையைப் பிறகு குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது என்பதே பொதுவிதி. 2019 இல் சிலருக்கு விதிவிலக்குக் கொடுக்கும் ஒரு திட்டம் தொடங்கியது, ஆனால் அதில் யார் அடங்குவார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எழுத்து வைத்த அன்றைக்கே குடிவரவுக்கு அறிவித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. எழுத்தைத் தள்ளிப்போட முடிந்தால், வதிவிடம் கையில் வந்தபிறகு வையுங்கள்.