இல்லாத ஹெட் கேஸ்கெட்டுக்கு பில்: பழைய ரேஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

இண்டியானாவில் பழைய ஸ்பிரிண்ட் காரை (சிறிய ஓவல் டிராக்கில் ஓடும் ரேஸ் கார்) ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நானும் நண்பரும் சேர்ந்து வாங்கிய கார் 1950களில் மண் டிராக்கில் ஓடியது. ஆஃபென்ஹவுசர் 220 எஞ்சின், சுருக்கமாக ஆஃபி. நான்கு சிலிண்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். 'விண்டேஜ் ரேஸ் கார் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டிய இடத்தில் எஞ்சின் வேலைக்குக் கொடுத்தோம். குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. எப்போது கேட்டாலும் பார்ட்ஸ் வரவில்லை என்ற ஒரே பதில்தான்.

பில்லைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. முதல் வரியே ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் தகடு. ஆஃபியில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. நடுவே கேஸ்கெட் வைக்க இடமே கிடையாது. எவ்வளவு அழுத்தம் ஏறினாலும் அங்கே கசியாது என்பதுதான் அந்த எஞ்சினின் பெருமையே! அடுத்த வரி கிளட்ச் பிளேட். எங்கள் காரில் கிளட்ச்சும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. கியரைப் போட்டுவிட்டுப் பின்னால் இன்னொரு வண்டியால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கேட்டால், கம்ப்யூட்டர் தானாகப் போட்டுவிட்டதாம்.

சரி, பணம் போகட்டும். எரிபொருளான மெத்தனாலை வடிக்காமல் விட்டதுதான் வயிற்றெரிச்சல். அது ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தை அரிக்கும். ஓட்டி முடித்ததும் வடித்து, லைனைக் கழுவிவிட வேண்டும். எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் ஹில்பார்ன் இன்ஜெக்‌ஷன் நாசிலைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி அப்பிக் கிடக்கிறது. பம்ப் கையால் திருகினால் அசையக்கூட இல்லை.

அப்புறம் பின் சக்கரங்கள். நாங்கள் கொடுத்தவை ஹாலிபிராண்ட் கம்பெனியின் மெக்னீசியம் சக்கரங்கள். திரும்பி வந்தவை பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் தூக்கினால் கனக்கின்றன. மெக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலேசு. பழைய ஃபோட்டோவில் விளிம்போரம் தெரியும் வெட்டுத் தழும்பும் இவற்றில் இல்லை.

பின் ஆக்சில் க்விக் சேஞ்ச் வகை. மூடியைக் கழற்றி இரண்டு பல்சக்கரங்களை மாற்றினால் டிராக்குக்கு ஏற்ற கியர் ரேஷியோ சில நிமிடங்களில் கிடைத்துவிடும். அதற்காக ஒரு பெட்டி நிறைய ஜோடி ஜோடியாகக் கொடுத்திருந்தோம். மாட்டியிருந்த ஜோடி மட்டும் வந்தது.

கேஸ்கெட், கிளட்ச் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். சக்கரத்தைக் கேட்டால், நீங்கள் கொண்டுவந்ததே இதுதான் என்று சாதிக்கிறார்கள். ஃபோட்டோக்களோடு கோர்ட்டுக்குப் போகிறோம். நீங்கள் காரை விடுவதானால் சக்கரங்களை அவர்கள் கண்முன்னே எடைபோட்டு, ஒவ்வொரு பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க்கை வீட்டிலேயே காலி செய்துவிடுங்கள்.