ஏழு மணிக்கு மேல் லாகின்: எதை வைத்துப் பூட்டுவது?

மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். "தம்பி, ஏழு மணிக்கு மேல ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது" என்றார் ஆடிட்டர், ஆபீஸ் கம்ப்யூட்டரையும் வைஃபையையும் காட்டி. 'வரக் கூடாது' என்று சொல்லியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

கையிலேயே இருப்பது விண்டோஸ் சர்வரின் லாகான் ஹவர்ஸ், அதாவது யார் எந்த நேரத்தில் லாகின் செய்யலாம் என்ற அமைப்பு. ஆபீஸ் கணக்குகளையெல்லாம் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் யூசர் கணக்கைத் திறந்தால் 7 நாள், 24 மணி என்று 168 கட்டங்கள். நீலம் என்றால் விடும், வெள்ளை என்றால் விடாது. செலவு இல்லை. ஆனால் இது வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான். 6.50க்கு லாகின் செய்தவர் நள்ளிரவு வரை உட்காரலாம். 'ஃபோர்ஸ் லாகாஃப்' என்றொரு பாலிசி இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சர்வரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர்களின் இணைப்பை அறுக்குமே தவிர, டெஸ்க்டாப் அப்படியே இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போன லேப்டாப்பும் சர்வரைக் கேட்காமல் பழைய பாஸ்வேர்டிலேயே திறந்துகொள்ளும்.

இன்னொரு வில்லங்கம், நம் ஊருக்கே உரியது. அந்தக் கட்டங்கள் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் மணிக்கணக்காகத்தான் பதிவாகின்றன. நமக்கோ ஐந்தரை மணி வித்தியாசம். நம் காலை 9 அங்கே 3.30, அந்த அரைக்குக் கட்டமே கிடையாது. பூட்டு எப்போது விழுகிறது என்று ஒரு டெஸ்ட் கணக்கில் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸில் இதே வேலைக்கு பேம் டைம் (pam_time) என்ற மாட்யூல். நிமிடக் கணக்கில் எழுதலாம், ஆனால் இதுவும் வாட்ச்மேன்தான்.

குறித்த நேரத்தில் இணையத்தை நிறுத்தும் ரௌட்டர் ஷெட்யூலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியை நம்பும் சமாசாரம் அது. ஆண்ட்ராய்டு 10லிருந்து போனே முகவரியை மாற்றிக்கொள்கிறது.

எனக்குப் பிடித்தது வைஃபைக்கு ஃப்ரீரேடியஸ், யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் இலவச சர்வர். லாகின் டைம் கொடுத்துவிட்டால், 6.40க்கு வருபவருக்கு மீதி 20 நிமிடம் என்று கணக்குப் போட்டு, வைஃபை தரும் அக்சஸ் பாயிண்ட்டுக்குச் சொல்லி அனுப்பும். அது மதித்து நடந்தால், 7 மணிக்கு ஆள் வெளியே. அமைக்கத்தான் ஒரு நாள் போகும்.

கடைசியில் அங்கே வைஃபைக்கு ஃப்ரீரேடியஸ், டெஸ்க்டாப்புக்கு லாகான் ஹவர்ஸ், கூடவே 6.50க்கு ஓடும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க்: பத்து நிமிடம் எச்சரித்துவிட்டு மெஷினை அணைக்கும்.

அப்புறம், விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் இரண்டு எழுதி வைத்தேன். ஒன்று பூட்ட, மற்றது திறக்க. டாக்ஸ் ஆடிட்டுக்குச் செப்டம்பர் 30 கெடு நெருங்கினால், எல்லாக் கட்டத்தையும் நீலமாக்கச் சொல்லி முதல் போன் அந்த ஆடிட்டரிடமிருந்துதான் வரும்.